ஏழு ஆசான்களும் ஓடக்காரியின் நாக்கும்

ஆழியூர் நாட்டில் மந்திரம் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மந்திரம் பலித்தவர்களுக்குத்தான் பஞ்சம்.

படித்தவர்கள் எல்லோரும் ஆற்றுக்கு அக்கரையில், மாயக் கழகத்தில் இருந்தார்கள். கழகத்துக்கு ஏழு ஆசான்கள். ஏழு பேருக்கும் ஒரே உயரத்தில் ஏழு கல் இருக்கைகள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆசான் சொன்ன யோசனையை இன்னோர் ஆசான் ஏற்றுக்கொண்டால், ஏற்றுக்கொண்டவர் தன் இருக்கையை விட்டு இறங்கிவிட வேண்டும். அதன்பின் ஆயுள் முழுக்கச் சொன்னவரின் காலடிப் படிதான் அவருக்கு. இதனால் நூறு வருஷமாக அங்கே யாரும் யாரையும் ஏற்றுக்கொண்டதில்லை. "மழை பெய்கிறது" என்று ஒருவர் சொன்னால், மற்ற ஆறு பேரும் நனைந்துகொண்டே மறுப்பார்கள்.

நாட்டுச் சட்டத்தில் இன்னொன்று இருந்தது. ஏழு ஆசான்களும் ஒருமனதாக யாருக்காவது தண்டனை கேட்டால், அரசர் மறுக்கக் கூடாது. நடக்கிற காரியமா அது? எந்த அரசரும் அந்தச் சட்டத்தை நீக்க மெனக்கெடவில்லை.

நடந்துவிட்டது. காரணம், ஓடக்காரி நீலாயி.

ஆற்றின் நடுவே ஒரு பெரிய சுழி. வருஷத்துக்குப் பத்துப் படகுகளை விழுங்கும். கழகம் அதை நாற்பது வருஷமாக ஆராய்ந்தது. சுழி இடமாகச் சுற்றுகிறதா, வலமாகச் சுற்றுகிறதா என்பதில்தான் முதல் கருத்து வேறுபாடு. அதைத் தாண்டி ஆராய்ச்சி நகரவில்லை. நீலாயி ஒருநாள் துடுப்பை நிறுத்திவிட்டுச் சுழியைப் பார்த்து நாலு வார்த்தை சொன்னாள். அது அடங்கியது. படகு தாண்டியதும் மறுபடி சுற்றியது. மறுநாளும் சொன்னாள், மறுநாளும் அடங்கியது. அதன்பின் ஊர் முழுக்க அவள் படகில்தான் ஏறியது.

கழகத்துக்கு வயிறு எரிந்தது.

ஒரு காலை ஏழு ஆசான்களும் அரசவைக்கு வந்து, அரசர் நெடுமுகிலனிடம் ஓர் ஓலையை நீட்டினார்கள். பயிலாமல் மந்திரம் சொன்ன குற்றத்துக்காக நீலாயியின் நாக்கைக் கட்டிவிட வேண்டுமாம். கட்டினால் அவள் சாகும்வரை ஊமை. ஓலையின் அடியில் ஏழு கையெழுத்துகள், வட்டமாக. முதலும் இல்லை, முடிவும் இல்லை.

"வாசியுங்கள்" என்றார் அரசர்.

ஏழு பேரும் ஒரே குரலில் வாசித்தார்கள். ஓர் எழுத்துகூட முந்தவில்லை, பிந்தவில்லை. ஒத்திகை பார்த்து வந்திருந்தார்கள்.

அரசரின் முகம் வாடியது. நீலாயியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

அவள் ஆசான்களை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏஞ்சாமி, இப்ப எந்தப் படகுல வந்தீங்க?"

ஏழு பேரும் ஏழு திசையில் பார்த்தார்கள்.

"எம் படகுலதான வந்தீங்க? என் நாக்கைக் கட்டிட்டா எப்படித் திரும்பிப் போவீங்க? நீந்தியா?"

"அது ஆராய்ச்சிக்கு உரிய விஷயம்" என்றார் தலைமை ஆசான் கனல்விழியார்.

அரசவையில் மருதையன் என்றோர் ஆள் உண்டு. அவருக்கு என்ன பதவி என்பது அவருக்கே தெரியாது. சிக்கல் வந்தால் அரசர் அவர் பக்கம் திரும்புவார். இப்போதும் திரும்பினார்.

மருதையன் எழுந்து ஆசான்களுக்குப் பெரிய கும்பிடு போட்டார்.

"அரசே, தண்டனை இருக்கட்டும். நூறு வருஷத்தில் முதல் ஒருமனத் தீர்ப்பு இது. கோட்டை வாசலில் கல்வெட்டு வைக்காமல் விடலாமா? சிற்பியை வரச்சொல்லிவிட்டேன். கல்லில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். இந்த அரிய யோசனை முதலில் உதித்தது எந்த ஆசானுக்கு?"

ஏழு தொண்டைகளும் ஒரே நேரத்தில் செருமின. இதற்கு மட்டும் ஒத்திகை நடந்திருக்கவில்லை.

"நானாகச் சொல்லிக்கொள்வது அழகல்ல" என்றார் கனல்விழியார். "ஆனால் உண்மையை மறைப்பது பாவம். எனக்குத்தான்."

"உமக்கா?" என்று துள்ளினார் பக்கத்திலிருந்த புகைமொழியார். "நான் சொன்னபோது நீர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர் ஐயா!"

"இரண்டு பேருமே புளுகுகிறார்கள்" என்றார் மூன்றாமவர். "அது என் கனவில் வந்தது!"

"பொறுங்கள்" என்றார் மருதையன். "மூத்தவர் சொல்லைத் தட்டக் கூடாது. கனல்விழியார் பெயரையே செதுக்கச் சொல்கிறேன். மற்ற ஆறு பேரும் அவர் யோசனையை ஏற்றுக்கொண்டவர்கள். எனக்கு ஒரே ஒரு கவலை. அவர் காலடிப் படியில் ஆறு பேர் உட்கார இடம் போதுமா?"

புகைமொழியாரின் தாடி நடுங்கியது. "இவர் யோசனையா இது? அப்படியானால் நான் வன்மையாக எதிர்க்கிறேன்! இந்தப் பெண்ணின் நாக்கு நாட்டின் பொக்கிஷம்!"

"நான் அதைவிட வன்மையாக எதிர்க்கிறேன்!" என்றார் மூன்றாமவர்.

நான்காமவர் ஓலையைப் பிடுங்கித் தன் கையெழுத்தைக் கிள்ளி எடுத்தார். ஐந்தாமவர் தன்னுடையதைத் தின்றே விட்டார். மிச்சமிருந்த இருவரும் ஆளுக்கொரு தூணைப் பார்த்துத் தங்கள் எதிர்ப்பை முழங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒருமனம் போயிற்று. தண்டனை இல்லை" என்றார் அரசர்.

நீலாயி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "சண்டை முடிஞ்சா வாங்க சாமி. ஆனா ஏறுறவங்க வாயைத் தொறக்கக் கூடாது. சுழிக்கு இரைச்சல் ஆகாது."

ஆசான்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனார்கள். அரசர் அடக்கிவைத்த சிரிப்பையெல்லாம் அவிழ்த்துவிட்டார். கிரீடம் காது வரை இறங்கியது. அந்தப் பழைய சட்டத்தை அங்கேயே நீக்கினார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதையனுக்குப் போட்டார்.

"மருதையா, கல்வெட்டு என்றதும் நானே நம்பிவிட்டேன். அபாரமான யோசனை!"

"யோசனை தங்களுடையது அரசே" என்றார் மருதையன், மாலையைச் சரிசெய்தபடி. "நான் அதை ஏற்றுக்கொண்டவன்."

சொல்லிவிட்டுச் சிம்மாசனத்தின் கீழ்ப்படியில் சௌகரியமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.