மாசானமுத்து வீட்டுக்கு நெட்டு வந்த கதை

ஆண்டவன் புத்தியைப் படியளந்த அன்றைக்கு வரிசை ரொம்ப நீளமாக இருந்ததாம். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டவர்கள் சிலர் உண்டு. ஆலடிக்குறிச்சி மாசானமுத்துவும் அவருடைய தம்பிகள் உலகநாதனும் பூதப்பாண்டியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். மாசானமுத்து இதை மறைக்கிற ஆள் இல்லை. தென்காசி டவுன் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். "நம்ம மூளை ஸ்டாண்டிங்குலதாம்ல வருது, சீட்டு கெடைக்கல" என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். தம்பிகள் அந்த அளவுக்குக்கூட யோசித்ததில்லை.

அவர் மகள் கோமதியின் பிள்ளைக்கு வைகாசி பன்னிரண்டாம் தேதி காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் மகராசனுக்கோ மஸ்கட்டில் வேலை. கார்த்திகையில்தான் லீவு. மடிக்கு யார் மடியையாவது வைத்துச் சமாளித்துவிடலாம், ஆனால் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் தன் பிள்ளை காதில் ஊசி படாது என்று கோமதி ஒரே பிடியாக நின்றாள். சரி, வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அந்த வீட்டில் பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால்தான் செல்போனில் டவர் கிடைக்கும். பிள்ளையையும் ஊசியோடு ஆசாரியையும் தொட்டிமேல் ஏற்ற முடியுமா? அதனால் வீட்டுக்கு நெட்டு போடுவது என்று முடிவாயிற்று.

மாசானமுத்துவுக்கு இதில் இன்னொரு வலியும் இருந்தது. கோமதிக்குக் காது குத்தின நாளில் அவர் டூட்டியில் இருந்தார். பஸ் பஞ்சராகி அவர் வீடு வந்து சேர்ந்தபோது மகள் காதில் கம்மல் மின்னியது, பாயசப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அது இன்றைக்கும் அவருக்குத் தாங்கவில்லை. இந்தத் தடவை தன்னால் ஒன்றும் கெட்டுப்போகக் கூடாது என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டார். அவர் சத்தியம் செய்தாலே வீட்டில் ஏதாவது ஒன்று உடையும்.

தொட்டிமேல் ஏறி மகனுக்குப் போன் போட்டார். நெட்டு வாங்குவதில் கவனிக்க வேண்டியதை மகராசன் வரிசையாகச் சொன்னான். குறைந்தது நாலு கம்பெனியை விசாரிக்க வேண்டும். சொல்கிற வேகம் வேறு, வீட்டுக்கு வந்து சேருகிற வேகம் வேறு, அதனால் அளந்து பார்க்க வேண்டும். தேவைக்கு மேல் வாங்கக் கூடாது. முதல் மாத விலையைப் பார்த்து ஏமாறாமல், ஆறு மாதம் கழித்து என்ன விலை என்று பார்க்க வேண்டும். மாசானமுத்து எல்லாவற்றையும் பழைய டிக்கெட் கட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். மகன் அந்த வீட்டிலேயே விவரமானவன். அவன் சொல்லில் ஒரு எழுத்துகூடச் சிந்தக் கூடாது என்று தம்பிகளுக்கு உத்தரவு போட்டார்.

ஊரில் விசாரித்ததில் நெட்டு கொடுக்கிற கம்பெனி மூன்றுதான் இருந்தது. மகன் சொன்னதோ நாலு. உலகநாதன் இரண்டு நாள் அலைந்து, நாலாவதாக கேஸ் ஏஜென்சிக்காரரை அழைத்துவந்தார். அவரும் தன் கம்பெனியைப் பற்றி நல்லபடியாகத்தான் சொன்னார். அடுப்புக்கு டியூப் இலவசம் என்றார். மற்ற மூன்று பேரும் டியூப் தரவில்லை என்பதை மாசானமுத்து குறித்துக்கொண்டார்.

அடுத்தது வேகம். மாசானமுத்துவுக்கு அதில் முப்பது வருஷ அனுபவம். நாலு பேரையும் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பி, அங்கிருந்து வீட்டுக்கு வந்து சேரச் சொல்லி, விசிலோடு வாசலில் நின்றார். ஒரு கம்பெனிக்காரர் வழியில் ஆட்டுமந்தையில் மாட்டிக்கொண்டார். இன்னொருவர் டீ குடித்துவிட்டு வந்தார். கேஸ்காரர் சிலிண்டரோடு வந்ததால் கடைசி. உள்ளூரில் கேபிள் நடத்தும் சேர்மத்துரை மட்டும் இரண்டே நிமிஷத்தில் வந்தார். வந்தவர் பைக்கில் பிரேக் பிடிக்காமல் வீட்டைத் தாண்டிப் போய் வைக்கோல் போரில் நின்றார்.

"வீட்டுக்கு வந்து சேருற வேகம்தான மகராசன் கேட்டான்? இவன் வீட்டையே தாண்டிட்டான்லா" என்று பூதப்பாண்டி வியந்தார். இதைவிட வேகம் எதற்கு என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். சேர்மத்துரைக்கு அந்த மாதம் ஒரு கனெக்‌ஷன்கூட அமையவில்லை. அதனால் வைக்கோலைத் தட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

தேவை எவ்வளவு என்று அவர் கேட்டதும் மாசானமுத்து விளக்கினார். காதுகுத்து பிள்ளைக்கு. பிள்ளைக்குப் பதினொரு மாதம். மூன்று வயசுக்குக் கீழே டிக்கெட்டே கிடையாது, போனால் போகிறது, அரை டிக்கெட் போட்டுக்கொள்ளட்டும். தன்னிடம் இருப்பதிலேயே சின்னது மாதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் என்றும், அதற்குக் கீழே பிள்ளைகளுக்கென்று தனியாக எதுவும் கிடையாது என்றும் சேர்மத்துரை பொறுமையாகச் சொன்னார். நல்ல மனுஷர். எங்கே வந்து மாட்டியிருக்கிறோம் என்று அவருக்கு அப்போதே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக வந்ததுதான் பெரிய சிக்கல். ஆறு மாதம் கழித்து என்ன விலை என்று பார்க்கச் சொல்லியிருந்தான் மகன். அன்று தேதி வைகாசி இரண்டு, காதுகுத்துக்குப் பத்தே நாள். சேர்மத்துரையைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்துவிட்டு மூவரும் உள்ளே போய்க் கூடிப் பேசினார்கள்.

"ஆறு மாசம் கழிச்சுல்லா பாக்கணும். இப்பமே பாத்தா மகராசன் ஏசுவான்" என்றார் உலகநாதன்.

"அதுவரைக்கும் அந்த மனுசன் தாழ்வாரத்துல உக்காந்திருப்பாராண்ணே? சோறு போடணும்லா" என்றார் பூதப்பாண்டி.

மாசானமுத்து சுவரைப் பார்த்தபடி நின்றார். சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. "ஏல, நாள் எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

"தாளைக் கிழிச்சாப் போகுது."

"அப்பம் கிழிங்க."

நூற்று எண்பத்து நாலு தாள். மூவரும் முறைவைத்துக் கிழித்தார்கள். ஆடியில் பூதப்பாண்டிக்கு விரல் வலி எடுத்தது, தீபாவளி வந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்திக் கும்பிட்டார்கள். கார்த்திகை ஒன்று வந்ததும் மாசானமுத்து தாழ்வாரத்துக்குப் போய், ஆறு மாதம் ஆகிவிட்டது, இப்போது என்ன விலை என்று கேட்டார். சேர்மத்துரை அவரையும் அவர் கையிலிருந்த காகிதக் குவியலையும் பார்த்தார். அதே நானூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் என்றார்.

மாசானமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அரிசி ஏறுகிறது, பருப்பு ஏறுகிறது, ஆறு மாதமாகியும் ஒரு பைசா ஏற்றாத மனுஷர்! அந்த இடத்திலேயே ஒரு மாதப் பணத்தைக் கட்டிவிட்டு, தொட்டிமேல் ஏறி மகனிடம் சொன்னார்: "கார்த்திகை பொறந்தும் வெல ஏறல மக்கா."

"கார்த்திகை பொறந்துட்டாப்பா?" என்று கேட்ட மகராசன், சரி வைக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

நெட்டுப் பெட்டியை வீட்டுக்கு நட்ட நடுவில் வைத்தால் எல்லா அறைக்கும் வரும் என்று சேர்மத்துரை சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. தம்பிகள் கயிறு பிடித்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தார்கள். நட்ட நடு அந்தரத்தில் விழுந்தது. சரியாகப் பிள்ளையின் தொட்டில் தொங்குகிற இடம். பெட்டியைத் தொட்டிலில் போட்டு, பிள்ளையைப் பாயில் போட்டார்கள். பெட்டி தூங்காமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்ததால் பூதப்பாண்டி அதை இரவெல்லாம் ஆட்டிவிட்டார். பகலில் கார்த்திகைப் பனிக்காகக் குல்லா போட்டுக்கொண்டு, இந்த வருஷம் கார்த்திகையில் இவ்வளவு புழுக்கமா என்று வேர்த்துக் கொட்டினார்.

பத்து நாள் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை மாசானமுத்து எழுந்து வந்தால் வாசலில் பெரிய கோலம், அடுக்களையில் பாயச வாசனை. என்ன விசேஷம் என்று கேட்டார். பிள்ளைக்குக் காதுகுத்து என்பதுகூட மறந்துபோயிற்றா என்று கோமதி சிரித்தாள். அவர் ஓடிப்போய்க் காலண்டரைப் பார்த்தார். கார்த்திகை பதினொன்று.

நெஞ்சில் இடி விழுந்தது போல இருந்தது. வைகாசி பன்னிரண்டு போய் ஆறு மாதம் ஆகிறது! மகள் காதுகுத்துக்கும் இல்லை, பேரன் காதுகுத்துக்கும் இல்லை. "நானெல்லாம் ஒரு தாத்தாவா" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஆசாரி உள்ளே வர, ஆறு மாதம் லேட்டாக வந்து நிற்கிறீரே, பஸ்ஸாக இருந்தால் உம்மை சஸ்பெண்ட் பண்ணியிருப்பார்கள் என்று அவரைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி மிரண்டுபோய்ப் பையை இறுக்கிக்கொண்டார்.

உலகநாதன் பிள்ளையின் காதைப் பார்த்துவிட்டு, துளையைக் காணோமே என்றார்.

"ஆறு மாசமாத் தோடு போடாம விட்டா துளை தூந்துரும்லா" என்றார் பூதப்பாண்டி குல்லாவைச் சொறிந்துகொண்டே. மறுபடி குத்திக்கொள்ளலாம் என்று பேசி முடிவாயிற்று. மாசானமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திரும்பி வந்த உயிர் சும்மா இருக்கவில்லை. தொட்டிலில் சிமிட்டிக்கொண்டிருந்த பெட்டியை அவர் பார்த்தார். ஒரு மாதத்துக்குத்தானே பணம் கட்டியது? அதுவும் ரசீதில் வைகாசித் தேதி! அப்படியானால் இந்த வீடே ஐந்து மாதமாக டிக்கெட் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. டிக்கெட் எடுக்காதவர்களைப் பாதி வழியில் இறக்கிவிட்ட கை அவருடையது. அந்தக் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியைப் பையில் போட்டு, சேர்மத்துரை கடையில் சேர்த்துவிட்டு வரும்படி உலகநாதனை அனுப்பினார். கடை பூட்டியிருந்ததால் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டு வந்ததாக உலகநாதன் சொன்னபோது மணி ஒன்பதரை. நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது.

விஷயம் தெரிந்த கோமதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கத்தவில்லை. "எங்காதுகுத்துக்கும் நீங்க வரல. இப்பம் அண்ணனையும் வரவிடாமப் பண்ணிட்டீயளேப்பா" என்றாள்.

மாசானமுத்து பின்கட்டுக்குப் போனார். தான் ஒரு முட்டாள் என்பது அவருக்கு எப்போதும் தெரியும். அது இப்படி வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. மகனிடமாவது மன்னிப்புக் கேட்போம் என்று தொட்டிமேல் ஏறிப் போனைப் போட்டார். மணி அடித்தது. அடித்த சத்தம் தெருவில் கேட்டது.

எட்டிப் பார்த்தால் மகராசன் துணிப்பெட்டியோடு வாசலில் நிற்கிறான்.

"கார்த்திகையிலதான லீவுன்னு சொல்லியிருந்தாவ? நீங்க கார்த்திகை பொறந்துட்டுன்னு சொன்னீய. நானும் ரூம்ல இருந்த காலண்டரக் கிழிச்சுக் கொண்டுபோய் மேனேசருகிட்டக் காட்டுனேன். அவரு கொஞ்ச நேரம் தாளப் பாத்தாரு, கொஞ்ச நேரம் என்னையப் பாத்தாரு. போய் ரெஸ்ட் எடுத்துட்டு வான்னுட்டாரு" என்றான் மகராசன். விவரமானவன்தான், ஆனாலும் மாசானமுத்துவின் மகன்.

கோமதி அழுதுகொண்டே ஓடிவந்தாள். மாசானமுத்து தொட்டியிலிருந்து எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. அதே நேரம் சேர்மத்துரையும் விருந்துக்கு வந்தார், கையில் பையோடு. யாரோ கடைக்குள் நெட்டுப் பெட்டியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே, பெட்டியைத் தொட்டிலில் போட்டுப் பிளக்கைச் செருகினார். பணம் கட்டின மாதம் முடிய இன்னும் இருபது நாள் இருக்கிறது என்றும் சொன்னார். பெட்டி கண்ணைச் சிமிட்டியது.

மகராசன் கால் கழுவி உள்ளே வந்து, மடியை விரித்து உட்காரப் போனான். மாசானமுத்து கையை நீட்டி மறித்தார்.

"நில்லு மக்கா. டிக்கெட்டு எடுத்தாச்சு. டிக்கெட்டு எடுத்துட்டு யாராவது நடந்து வருவானா?"

மகராசன் யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. போனை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்தான். கோமதி ஏதோ சொல்ல வாயெடுத்து, மணி பத்து இருபது என்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளையை அப்பா மடியில் வைத்தாள். உலகநாதன் போனைப் பிடிக்க, திரையில் தாய்மாமன் முகம் பளிச்சென்று வந்தது. ஆசாரி ஊசியை ஏற்றினார். பிள்ளை வீடு அதிர அழுதான்.

"அப்பா, படம் கண்ணாடி மாதிரித் தெரியுது" என்றான் மகராசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா பிள்ள அழுற சத்தம் மட்டும் ரெண்டு தடவ கேக்கு."

மாசானமுத்து பேரனை மார்போடு அணைத்துக்கொண்டு சேர்மத்துரையை நன்றியோடு பார்த்தார்.

"நானூத்தித் தொண்ணூத்தொம்பது ரூவாய்க்கு ரெண்டு தடவ கேக்கா? மலிவுதாம்ல."