பன்னிரண்டு முள் நீளம், ஐந்து முள் அகலம்

ஒரு காட்டில் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஓடை வற்றிவிட்டது. குட்டையில் வெறும் சேறு. மலைக்கு அந்தப் பக்கம் வற்றாத ஆறு ஒன்று ஓடியது. மான்கள் முதலில் போயின. காட்டெருமைகள் அடுத்துப் போயின. நரிகள் யாரிடமும் சொல்லாமல் போயின.

சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி மட்டும் மூட்டை கட்டவில்லை. அவனிடம் ஒரு வேன் இருந்தது.

மரம் ஏற்ற வந்தவர்கள் காட்டுப் பாதையில் விட்டுவிட்டுப் போன பழைய வேன் அது. முள்ளம்பன்றி எப்படி வேன் ஓட்டும் என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் ஓட்டும். இஞ்சின் உறுமியது, சக்கரம் சுற்றியது, அவ்வளவு போதும்.

சிக்கல் இஞ்சினில் இல்லை. வேனுக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. முன்னால் ஓட்டுகிறவருக்கு ஓர் இருக்கை. அதன் பக்கத்து இருக்கை இருந்த இடத்தில் துருப்பிடித்த ஓட்டை. பின்னால் காலித் தகரம். அதை வீடாக்க வேண்டும். படுக்கை வேண்டும், அடுப்பு வேண்டும், தண்ணீர் டிரம் வேண்டும், கிழங்குப் பெட்டி வேண்டும். எது எங்கே வரும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

சிலுப்பன் தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள் ஒன்றை எடுத்து அளந்தான். வேனின் உள்பக்கம் பன்னிரண்டு முள் நீளம், ஐந்து முள் அகலம். வெளியே வந்து, அதே அளவில் தரையில் சாம்பலால் கோடு போட்டான். தகரத்தில் ஆணி அடித்துவிட்டால் பிடுங்குவது கஷ்டம். சாம்பல் கோடு என்றால் வாலால் ஒரு தட்டு, அழிந்துவிடும்.

அவன் கோட்டுக்குள் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது மேலே ஒரு கிளை ஆடியது.

“சிலுப்பா, அது என்ன கோலமா?”

செம்பி என்ற மலையணில். போன மழையில் கிளை முறிந்து விழுந்ததில் அவளுக்குப் பின்னங்கால் ஒன்று சரியில்லை. மரத்தில் எப்படியோ சமாளிப்பாள். மலையைத் தாண்டி இரண்டு நாள் நடப்பது முடியாத காரியம்.

“கோலம் இல்ல. வீடு” என்றான் சிலுப்பன். “மிதிக்காதே. அங்க சுவர் இருக்கு. இந்தப் பக்கமா வா, இதுதான் கதவு.”

செம்பி மரத்திலிருந்து இறங்கி, இல்லாத கதவு வழியாக நொண்டி நொண்டி உள்ளே வந்தாள். “கதவைச் சாத்தணுமா?” என்று கேட்டாள்.

சிலுப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. சின்ன வயதில் ஒரு கீரிக்குட்டியோடு விளையாடியபோது அவனுடைய முள் அதன் மூக்கில் குத்திவிட்டது. அதன் பிறகு யாரும் தன்னிடம் வருவதில்லை என்று அவன் சொல்லிக்கொள்வான். உண்மையில், அவன்தான் யாரிடமும் போகவில்லை.

“என்னையும் கூட்டிட்டுப் போறியா?” என்று செம்பி நேராகக் கேட்டாள். “கால் இப்படி இருக்கு. நடந்து போனா நான் பாதி மலைகூடத் தாண்ட மாட்டேன்.”

“வா” என்றான் சிலுப்பன். வாய் முந்திக்கொண்டது. அப்புறம்தான் மனசு பதறியது.

அன்றே கோட்டுக்குள் வேலையைத் தொடங்கினான். பின்பக்கம் குறுக்கே படுக்கை. சக்கரம் மேலே முட்டிக்கொண்டிருக்கும் இடத்தை ஒட்டித் தண்ணீர் டிரம். கனமான சாமான் தாழ்வாக இருந்தால்தான் வளைவில் வண்டி சாயாது. புகை வெளியே போக, கதவை ஒட்டி அடுப்புத் திட்டு. கிழங்குப் பெட்டி முன்பக்கம். அடுப்புக்கு எதிரே சுவரோரம் ஒரு சின்னக் கட்டம் போட்டான்.

“இது உன் பலகை” என்றான்.

செம்பி அந்தக் கட்டத்தில் உட்கார்ந்து பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. ஜன்னல் வருமா?”

“இரு, இரு. இன்னும் அளக்கல.”

சிலுப்பன் அடுப்புக்கு முன்னால் நின்றான். மூச்சை இழுத்து, முட்கள் அத்தனையையும் விரித்தான். சடசடவென்று சத்தம். குனிந்து பார்த்தான். அடுப்புத் திட்டு ஒன்றரை முள். முள் விரித்தால் அவன் மூன்றரை முள். ஐந்து ஆகிவிட்டது. செம்பியின் பலகைக்கு இடம் பூஜ்யம்.

வாலால் ஒரு தட்டு. கட்டம் அழிந்தது.

“ஏன்டா?”

“குத்திடும்.”

மறுநாள் படுக்கையின் கால்மாட்டில் அவளுக்கு இடம் போட்டான். அதையும் அழித்தான்.

“இப்போ என்ன?”

“கெட்ட கனவு வந்தா தூக்கத்திலேயே முள் எழும்.”

“உனக்குக் கெட்ட கனவு வருமா?”

“வந்தா?”

மூன்றாம் நாள் செம்பியே ஒரு வழி சொன்னாள். “நான் அணில்டா. பலகை, படுக்கை எல்லாம் எதுக்கு? கூரையில ஒரு கயிறு கட்டு. தொங்கிட்டு வரேன்.”

சிலுப்பன் இல்லாத கூரையை அண்ணாந்து பார்த்தான். யோசித்தான். “பாதையில மேடு வரும். வண்டி தூக்கிப்போடும். நீ நேரா என் முதுகு மேல விழுவ” என்றான்.

“இப்படியே யோசிச்சா குட்டையில சேறும் காஞ்சிடும்” என்றாள் செம்பி.

அந்த வழியாக மூக்கையன் என்ற காட்டுப்பன்றி ஒரு கட்டை வண்டியை இழுத்துக்கொண்டு வந்தான். வண்டியில் அவன் மனைவி, ஒன்பது குட்டிகள், இரண்டு முயல்கள், ஒரு மயில். மயிலின் தோகை ஒரு முயலின் வாய்க்குள் இருந்தது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன.

“என்ன தம்பி, இன்னும் கோடு போட்டு முடியலையா?” என்றான் மூக்கையன். “நாங்க நாளைக்குக் கிளம்புறோம், இன்னைக்கு ஏத்திப் பார்க்குறோம். அணிலம்மா, நீ வரியா?”

“அதுல எங்கண்ணே இடம்?” என்று செம்பி சிரித்தாள்.

“ஏறினா இடம் வந்துடும்” என்று சொல்லிவிட்டு மூக்கையன் போனான்.

சிலுப்பன் முகத்தைச் சுளித்தான். “அது வண்டியா? சந்தை. அளவு இல்ல, ஒழுங்கு இல்ல. யார் கால் யார் மூக்குல இருக்குன்னே தெரியல.”

செம்பி கோட்டுக்குள் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“சிலுப்பா, மூணு நாளா உன் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன். அளக்குறதுக்காக விரிச்சியே, அதை விடு. மத்தபடி ஒரு தடவையாவது உன் முள் எழுந்துச்சா?”

சிலுப்பன் நினைத்துப் பார்த்தான். “இல்ல.”

“அப்போ மடிச்ச முள்ளோட அளந்து பாரேன்.”

இது அவனுக்குத் தோன்றவே இல்லை. முட்களை மடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றான். திட்டு ஒன்றரை. முள் மடித்தால் அவன் ஒன்றரை. மூன்றுதான். இரண்டு முள் அகலம் மிச்சம். செம்பிக்கு ஒரு முள் தாராளம். அதற்குப் பிறகும் ஒரு முள் மிஞ்சியது.

“மிஞ்சுது!” என்று கத்தினான்.

“மிஞ்சும்னு எனக்குத் தெரியும்” என்றாள் செம்பி.

அன்று காலையிலேயே பலகையை வேனின் சுவரில் அடித்துவிட்டான். தேக்குப் பலகை. ஓரத்தைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கினான். அவள் வால் தொங்குவதற்கு ஒரு பள்ளம்கூடச் செதுக்கினான். செம்பி அதில் உட்கார்ந்து வாலைத் தொங்கவிட்டுப் பார்த்தாள்.  இது போதும் என்கிற மாதிரி அவள் முகம் இருந்தது.

“நான் போய் என் விதைப் பையை எடுத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிலுப்பன் தனியாக வேனுக்குள் உட்கார்ந்தான். பலகையைப் பார்த்தான். அடுப்பில் எதைக் கிண்டினால் அவளுக்குப் பிடிக்கும் என்று யோசித்தான். வழியில் அவள் சளசளவென்று பேசிக்கொண்டே வருவாள். அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டலாம். இப்படி ஒரு நினைப்பு அவனுக்கு இதுவரை வந்ததே இல்லை.

டமார்!

காய்ந்த கிளை ஒன்று முறிந்து வேன் கூரைமேல் விழுந்தது. அவ்வளவுதான். ஆனால் சிலுப்பன் துள்ளிவிட்டான். முட்கள் அத்தனையும் ஒரே நொடியில் எழுந்து நின்றன.

மெல்லத் திரும்பிப் பார்த்தான். புதுப் பலகையில் ஒரு கீறல். விரல் நீளம் இருக்கும். ஆழம் ஒன்றும் இல்லை.

ஆனால் சிலுப்பன் கண்ணுக்கு அது கீறலாகத் தெரியவில்லை. செம்பியின் வயிறு வரும் இடம் அது.

செம்பி விதைப் பையை முதுகில் கட்டிக்கொண்டு மத்தியானம் வந்தாள். வேன் கதவு திறந்திருந்தது. உள்ளே பலகை இல்லை. ஆணி இருந்த இரண்டு ஓட்டைகள் மட்டும் சுவரில் இருந்தன. அந்த இடத்தில் சிலுப்பன் சாம்பல் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

“பலகை எங்க?”

“எடுத்துட்டேன்.”

“ஏன்?”

கீறல் விழுந்த பலகையை எடுத்துக் காட்டினான். கிளை விழுந்த கதையைச் சொன்னான். செம்பி கீறலைத் தடவிப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா? சத்தம் கேட்டா நானும்தான் துள்ளுவேன். உன் முள் எழுறதுக்குள்ள நான் கூரையில இருப்பேன்டா. நான் அணில்.”

“நொண்டி அணில்” என்றான் சிலுப்பன். “உன்னால குதிக்க முடியாது.”

அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவள் காதில் விழுந்தது வேறு.

செம்பி பலகையைக் கீழே வைத்தாள். 

“என் காலைப் பத்தி எனக்குத் தெரியும். உன் முள்ளைப் பத்தியும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன்” என்றாள். “நீ குத்தினதால நான் போகல. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ.”

பையைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி, மூக்கையன் வண்டி நின்ற பக்கம் போனாள். சாம்பல் கோட்டை மிதித்துக்கொண்டுதான் போனாள். மிதிக்காதே என்று சிலுப்பன் சொல்லவில்லை.

பிறகு அவன் வேனை வேகமாக முடித்தான். இப்போது எல்லாமே சுலபமாக இருந்தது. யாரையும் நினைத்து அளக்க வேண்டியதில்லை. படுக்கை, அடுப்பு, டிரம், கிழங்குப் பெட்டி. சாமானுக்கு ஓர் அலமாரி, அது உருண்டு விழாமல் முன்னால் ஒரு தடுப்புக் கட்டை. நடுவில் முட்களை முழுக்க விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றலாம். எதிலும் இடிக்காது. சுற்றிப் பார்த்தான். இடிக்கவில்லை. இன்னொரு தடவை சுற்றினான். அப்புறம் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கிளம்பினான். காட்டில் அவனைத் தவிர யாரும் இல்லாததால் வழியனுப்பவும் யாரும் இல்லை.

மலைப்பாதையில் நாலாவது வளைவில் மூக்கையனின் வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. மூக்கையன் இழுத்தான், அவன் மனைவி பின்னால் தள்ளினாள். வண்டிக்குள் அதே கத்தல். மயிலின் தோகைக்கும் ஒரு பன்றிக்குட்டியின் பிட்டத்துக்கும் நடுவில் செம்பி உட்கார்ந்திருந்தாள். இன்னொரு குட்டி அவள் வாலைப் போர்த்திக்கொண்டு தூங்கியது.

“ஏய், உன் மூக்கை எடு. நீ எடுத்தாத்தான் நான் மூச்சு விட முடியும்” என்று அவள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். திட்டு வாங்கியவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

சிலுப்பன் வேனை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, தலையை வெளியே நீட்டினான்.

“செம்பி.”

அவள் திரும்பினாள். “வந்துட்டியா?”

“நான் சொன்னது தப்பு. கால் பத்தி.”

“ம்.”

“வேன்ல வந்துடேன். இடம் இருக்கு. நிறைய இருக்கு.”

“தெரியும். அதான் பார்த்தேனே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தன் வாலுக்குள் தூங்கும் குட்டியை ஒரு தடவை பார்த்தாள். “இங்க இடமே இல்ல, சிலுப்பா. ஆனா உட்கார்ந்தாச்சு.”

மூக்கையன் வண்டியை ஓரம் ஒதுக்கி வழி விட்டான். “போ தம்பி, உன் வண்டி வேகமான வண்டி.”

சிலுப்பன் போனான். ஐந்தாவது வளைவு வந்தது. ஆறாவது வளைவு வந்தது. கத்தல் பின்னால் தேய்ந்து, பிறகு கேட்காமலே போயிற்று. வளைவுக்கு வளைவு டிரம்மில் தண்ணீர் தளும்பியது. வேனுக்குள் வேறு சத்தம் இல்லை.

நீதி: பயத்துக்கு இடம் அளந்து ஒதுக்கினால், பக்கத்தில் உட்கார வருகிறவருக்கு இடம் இருக்காது.