திறக்காத பக்கம்

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்பது. என்ன தலைகீழாக இருக்கிறதே என்று யாராவது கேட்டால், வெப்சைட் வித்தையில் நரைக்கெல்லாம் மரியாதை கிடையாது என்று சீடரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் துறைமுக ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், இரண்டு அறைகளில், நசீமா டீச்சர் அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்துவந்தார். கோதண்டம் தொலைபேசி இலாகாவில் விருப்ப ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்து சேர்ந்தவர். அவர் இவரை டீச்சர் என்பார். இவர் அவரை சார் என்பார். அதில் இருவருக்கும் வருத்தமில்லை.

புயல் அடித்து ஓய்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. கோதண்டம் தன் தடித்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். இருக்கிற பிரவுசர்லயே எது ஒசத்தி?"

"எதுக்குக் கேக்கறீங்க சார்?"

"ஒண்ணைச் சொல்லுங்க, ஊரையே அதுக்கு மாத்திடலாம். ஆளுக்கொண்ணு வெச்சுக்கிட்டு என் உயிரை வாங்கறாங்க."

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. புயலில் கவிழ்ந்த படகுகளிலிருந்து தப்பியவர்கள் எங்கெங்கோ கரை ஒதுங்கி, வெளிமாநில ஆஸ்பத்திரிகளில் கிடந்தார்கள். தொண்டர்கள் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போன் போட்டுப் பேர்களைச் சேகரித்தார்கள். பல பேருக்கு எந்த ஊர் என்றே தெரியவில்லை, பேர் மட்டும்தான். வீட்டுக்காரர்கள் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று அதை வெப்சைட்டில் போடும் வேலை கோதண்டத்துக்கு வந்தது.

அவர் ஒரு வரைபடமே செய்துவிட்டார். நீலக் கடல், கரையோரம் சின்னச் சின்னப் படகுகள். படகைத் தொட்டால் அது ஆடும், உள்ளிருந்து ஒரு பேர் விரியும். ஆனால் அந்தப் படகு ஆட ஒரு குறிப்பிட்ட பிரவுசர் வேண்டும், அதில் பிளக்-இன் என்ற ஒரு துணை நிரலையும் தனியாக இறக்கிப் போட வேண்டும். அது இல்லாமல் வருகிறவர்களுக்கு ஓர் அறிவிப்பு வைத்தார்: இந்த பிரவுசர் ஏற்கப்படாது, இன்னதை நிறுவிக்கொண்டு வரவும். ஆங்கிலத்தில் வைத்தார். முப்பது வருஷம் அரசு உத்தியோகம் பார்த்தவருக்கு, ஆங்கிலத்தில் இல்லாத அறிவிப்பு அறிவிப்பு மாதிரியே தெரியாது.

டீச்சர் அதைத் தன்னுடைய கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். திறந்தது. படகுகள் ஆடின. பிரமாதம் சார் என்று சொல்லிவிட்டு நிவாரண வேனில் ஏறிப் போய்விட்டார்.

"பத்துப் பேர்ல ஆறு பேர் பிளக்-இன் போடாமலே திரும்பிப் போயிருக்கான்," என்றார் கோதண்டம். "ரெண்டு நிமிஷ வேலை டீச்சர். சோம்பேறித்தனம், வேற என்ன?"

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்து நீட்டினார். அந்தப் பக்கத்துக்கு யார் வந்தாலும் சர்வர் குறித்துவைத்துக்கொள்ளும். எத்தனை மணி, எந்தப் போன், எந்த பிரவுசர், என்ன பதில் போயிற்று என்பதெல்லாம் அதில் இருக்கும்.

"வாசிங்க சார். கோடு போட்டதை மட்டும். சத்தமா."

கோதண்டம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"முதல் நாள். காலை அஞ்சு அம்பது. பழைய பட்டன் போன். இதுல போய் மேப் பாக்க வந்திருக்கான் பாருங்க! அறிவிப்பு போயிருக்கு. அஞ்சு அம்பத்திரண்டு. அதே போன், அறிவிப்பு. ஆறு பத்து, அதே போன். விட மாட்டான் போலிருக்கே."

"வாசிங்க."

வாசித்தார். இரண்டாம் நாள் வந்தபோது அவர் குரலில் கேலி குறைந்திருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் முழுக்க எதுவும் இல்லை.

"இங்க விட்டுட்டாங்க டீச்சர்."

"சார்ஜ் தீர்ந்திருக்கும். ஊர்ல கரண்ட் இல்ல. வேன் பேட்டரியிலதான் முறை வெச்சுப் போட்டிருக்காங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் மேலே வாசித்தார்.

"நாலாம் நாள். மூணு நாப்பது. மூணு நாப்பத்தொண்ணு. மூணு அம்பத்தஞ்சு. அப்புறம் ஒண்ணும் இல்ல. மொத்தம் நாப்பத்தொரு தடவை." காகிதத்தைக் கீழே வைத்தார். "வேற யார் போன்லயாவது பார்த்துட்டாங்களா?"

"நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து மாதா கோயிலுக்குப் போன் வந்துடுச்சு. பக்கத்துக் கட்டில்ல இருந்த ஒருத்தர் ஊர்ப் பேரைக் கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்கார். அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"யாரு?"

"சூசைராசு."

கோதண்டத்துக்கு அந்தப் பேர் தெரியும். அவர் வரைந்த மூன்றாவது படகு. முதல் நாளே வந்த பேர்.

"பேரைத் தவிர வேற ஒரு வார்த்தை சொல்ல முடியலையாம்," என்றார் டீச்சர். "நர்ஸம்மா கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாராம். ரயில்ல ஒரு நாள் தூரம், சார். ரெண்டாம் நாளே போய்ச் சேர்ந்திருக்கலாம்."

பிறகு ஒரு பழைய பட்டன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் சின்னத் திரையில் கோதண்டத்தின் ஆங்கில அறிவிப்பு அப்படியே நின்றது.

"அவர் சம்சாரம் லூர்தம்மா நேத்து கீழே இறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க வந்தாங்க. நிவாரண வேன்ல பார்த்த டீச்சர்னு என்னை அடையாளம் கண்டு மேல வந்து, இதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டாங்க."

"அவங்களுக்கு..."

"இங்கிலீஷ் தெரியாது. அந்தப் பேர் இங்க இல்லைன்னு சொல்லுதுன்னு நெனச்சிருக்காங்க. இப்ப வந்திருக்குமா, இப்ப வந்திருக்குமான்னு திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்க."

"நாப்பத்தொரு தடவையா? யார்கிட்டயாவது காட்டியிருக்கலாமே!" கோதண்டம் கிட்டத்தட்டக் கத்திவிட்டார்.

"காட்டினா, அவங்க வாயைத் தொறந்து இல்லைன்னு சொல்லிடுவாங்களோன்னு பயமாம்."

கோதண்டம் அழுதார். வயதான ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்க டீச்சருக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் போதும் சார் என்று சொல்லவில்லை.

"நானும் என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் பார்த்தேன்," என்றார் டீச்சர். வேறு யாரிடமோ சொல்வதுபோல இருந்தது.

கோதண்டம் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். கடலை அழித்தார். படகுகளை அழித்தார். பிளக்-இன்னை எடுத்தார், அறிவிப்பையும் எடுத்தார். எல்லா பிரவுசர்களும் பொதுவாக ஒத்துக்கொண்ட சாதாரண முறையில், அறுபத்துமூன்று பேர்களையும் தமிழில் ஒன்றன் கீழ் ஒன்றாக அடித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. ஐந்து வாரத்துக்கு முன்பும் அது அரை மணி நேர வேலைதான்.

அந்தப் போனை எடுத்து, நாற்பத்திரண்டாவது தடவையாக அழுத்தினார்.

பக்கம் உடனே திறந்தது. மூன்றாவது வரியில் சூசைராசு. பக்கத்தில் ஆஸ்பத்திரியின் பேர், வார்டு எண், போன் நம்பர்.

அவர் போனை மேசைமேல் வைத்தார். பிறகு கேட்டார்.

"நேத்து அவங்க கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க டீச்சர்?"

"கண்ணாடி கொண்டுவரலைன்னு சொல்லிட்டேன்."

நசீமா டீச்சர் கண்ணாடி போடுகிறவர் அல்ல.

கோதண்டம் போனையே பார்த்தார். "இப்ப அந்த அறிவிப்பு இல்லையே டீச்சர். பேர்தானே இருக்கு." அவர் குரலில் தப்பிக்க ஒரு வழி கிடைத்த சின்ன ஆசை இருந்தது. அது அவருக்கே கேட்டிருக்க வேண்டும், வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் மணியைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்குப் போனை வாங்கிக்க வருவாங்க, சார். கண்ணாடி போட்டவர் ஒருத்தர் இங்க இருக்கார், என்ன எழுதியிருந்துச்சுன்னு அவர் தமிழ்ல சொல்லுவார்னு சொல்லியிருக்கேன்."