நங்கையாரின் ஈரச் சேலை

ஆம்பல்குடியில் இளநகை அம்மையின் திருமஞ்சனத்துக்கு ஆற்றிலிருந்து நீர் சுமந்தவர் நங்கையார். கணவர் சாத்தனார் மூங்கில் பிளந்து கூடை முடைபவர். நாள்தோறும் விடியலில் பன்னிரண்டு குடம் நீரைக் கோயிலில் சேர்த்த பின்னரே நங்கையார் தம் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பார்.

மணமாகி ஒன்பதாம் ஆண்டில் கருவுற்றார். மூன்று நாள் வலித்தது. குழந்தை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி காரியம்மை கையை உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தார். பெண் குழந்தை பிழைத்தது. தாயின் உடல் கிழிந்தது. நாற்பதாம் நாள் நங்கையார் மீண்டும் குடம் எடுத்தார். மூன்றாம் குடத்தை இடுப்பில் ஏற்றுகையில் அடிவயிற்றிலிருந்து ஏதோ நழுவி இறங்கியது. கால்கள் நனைந்தன. படித்துறையிலேயே அமர்ந்துவிட்டார்.

காரியம்மை வந்து பார்த்தார். “கருப்பை கீழ எறங்கியிருக்கு. இனிமே குடத்தத் தொடாத. மூத்திரத்த அடக்குற மாதிரி அடிய இறுக்கிப் பிடி, பத்து எண்ணுற வரைக்கும். அப்பறம் விடு. நாளெல்லாம் செய்யி.”

“முழுசாத் தேறுமா அக்கா?”

“தெரியலம்மா. மெதுவாத்தான் தேறும்.”

நங்கையார் எண்களைச் சொல்லவில்லை. ஐந்தெழுத்தை இருமுறை நிதானமாகச் சொல்லி, அதுவரை இறுக்கிப் பிடித்தார். பாலூட்டும்போதும் நெல் புடைக்கும்போதும் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சாத்தனார் பழந்துணிகளைக் கிழித்து மடித்துத் தந்தார். நனைந்தவற்றைத் தாமே துவைத்து உலர்த்தினார். குடங்களையும் அவரே சுமக்கலானார். நங்கையார் ஒரு சொம்பு நீர் மட்டும் ஏந்திச் சென்றார்.

இருமினால் கசிந்தது, சிரித்தால் கசிந்தது. ஆதலால் சிரிப்பதை விட்டார். படித்துறையில் ஒருத்தி, “மகளும் நனைக்கிறா, ஆத்தாளும் நனைக்கிறா. தொட்டில் ரெண்டா கட்டணும்போல” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நங்கையார் சொம்பை நிரப்பிக்கொண்டு நடந்தார்.

ஒருநாள் கோயில் மணியக்காரர் வாயிலில் மறித்தார். “வாடை அடிக்குது. ஈரச் சேலையோட உள்ள வராத. ஒடம்பு சரியானப்பறம் பாக்கலாம்.”

அன்று வீடு திரும்பிய நங்கையார் குழந்தையை மடியில் கிடத்தியபடி வெகுநேரம் அழுதார். “தாயே, பெத்ததுக்கா எனக்கு இந்தத் தண்டன?” என்று முதன்முறையாகக் கேட்டார். ஆயினும் மறுநாள் விடியலில் சொம்போடு கோபுர வாயிலுக்கு வெளியே வந்து நின்றார். அந்நீரை யாரும் உள்ளே எடுத்துச் செல்லவில்லை. வாயிற்படியில் ஊற்றிவிட்டுத் தொழுது திரும்பினார். ஏழு மாதம் அப்படியே கழிந்தது.

பங்குனித் திருநாள் காலை, குருக்கள் அம்மைக்குப் புதுப் பட்டு சாத்தினார். சற்றைக்கெல்லாம் அதன் கொசுவம் நனைந்திருந்தது. வேறு பட்டு சாத்தினார், அதுவும் நனைந்தது. மூன்றாவதும் நனைந்தது. மழையே காணாத மாதம். மணியக்காரர் விதானத்தைத் தடவிப் பார்த்தார்; உலர்ந்திருந்தது. எல்லாரும் திகைத்து நிற்க, கருவறைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது.

“எம் மகள் வெளியே ஈரத்தில் நிற்கிறாள். எமக்கு எதற்கு உலர்ந்த பட்டு?”

மணியக்காரர் வாயிலுக்கு ஓடினார். தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நங்கையார் முன் நின்றார்.

“உள்ள வாங்கம்மா.”

“என் சேல இன்னும் ஈரமாத்தாங்க இருக்கு.”

“அம்மா சேலையும் ஈரமாத்தான் இருக்கு” என்றார் அவர். விலகி வழிவிட்டார்.

நங்கையார் உள்ளே சென்று தம் கையால் நீரைத் தந்தார். குருக்கள் அதை வாங்கித் திருமுடியில் ஊற்றினார்.

நோய் அன்றே நீங்கிவிடவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல உடல் ஓரளவு தேறியது. இருமல் வந்தால் மட்டும் கசிந்தது. அவர் பிறகு குடம் தூக்கவுமில்லை, வாயிலில் நிற்கவுமில்லை. பிள்ளை பெற்று நொந்த உடலோடு அம்மை முன் முதலில் சென்று நின்ற நங்கையாரின் அடிகளை வணங்குவோம்.