போதும் என்ற குதிரை

அந்தக் காலத்தில் குதிரைகளுக்குப் பேச்சு இருந்தது, தமிழ்தான் இல்லை. கடல் கடந்து வந்தவை அல்லவா? முத்தங்கரைத் துறையில் இறங்கிய வெள்ளைக் குதிரைக்கு, கப்பலோட்டிகள் கற்றுக்கொடுத்திருந்த தமிழ்ச் சொல் ஒன்றே ஒன்று: "போதும்."

ஊர் அதுவரை குதிரையைக் கண்டதில்லை. விருந்தாளியாயிற்றே என்று நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் படைத்தார்கள்.

"போதும்" என்றது குதிரை.

"கூச்சப்படுகிறார்" என்றார் அரண்மனைச் சமையல்காரர் அழிசி. "இன்னும் இரண்டு கரண்டி போடுங்கள்!"

"போதும்! போதும்!"

"பார்த்தீர்களா, இரண்டு முறை சொல்கிறார். நாலாகப் போடுங்கள்."

நாலாம் நாள் குதிரை வயிறு உப்பிப் படுத்துவிட்டது. அன்றைக்கென்று பகையரசன் படை ஆற்றின் அக்கரைக்கு வந்து நின்றது. வெள்ளம் வடிந்ததும் கடந்துவிடுவார்கள். அதற்குள் மலைநாட்டுத் தலைவனுக்குச் செய்தி போனால் அவன் யானைகளோடு வருவான். மனிதக் கால்களுக்கு அது எட்டாத தூரம்.

குதிரையைக் கட்டியிருந்த மாட்டுத் தொழுவத்தில் சாணம் அள்ளுகிற எயினி, தான் தின்ன வைத்திருந்த வேகவைத்த பயற்றை ஒரு கை எடுத்து நீட்டினாள். புன்செய்ப் பயறு அது. ஏழைகள் தின்பதற்கு யார் பெயர் வைக்கிறார்கள்?

"கொள்" என்றாள்.

குதிரை தின்றது. மறுபடி நீட்டினாள்.

"போதும்."

"சரி" என்று கையை மூடிக்கொண்டாள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு அதன் பொருளையே கொண்ட முதல் ஆள் அவள்தான்.

குதிரைக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்றே நாளில் அது எழுந்து நின்றது.

"மலைநாடு என் பிறந்த வீடு. வழி எனக்குத் தெரியும்" என்று எயினி அதன் முதுகில் ஏறிப் பிடரியைப் பற்றிக்கொண்டாள். வெள்ளம் வடியும்முன் யானைகள் வந்து நின்றன. அவற்றைக் கண்ட பகைவர்கள், ஆறு இன்னும் ஆழம்தான் என்று முடிவுசெய்து ஊர் திரும்பினார்கள்.

"ஐயா குதிரையாரே, என்ன பரிசு வேண்டும்?" என்றான் அரசன்.

குதிரை தன் இரண்டாம் தமிழ்ச் சொல்லைச் சொன்னது: "கொள்."

"நானா? எதைக் கொள்வது?"

எயினி விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களை இல்லை அரசே! பயற்றுக்கு அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது."

இலக்கணக்காரர்கள் வேறு காரணம் சொல்வார்கள். அவர்களில் யாரும் குதிரையைக் கேட்டதில்லை. அந்தப் பயறு கொள்ளு ஆனதும், குதிரைக்கு அதை வைப்பதும் அன்று முதல்தான். "போதும்" என்றவர் இலையில் இன்னொரு கரண்டி விழுவது மட்டும் அதற்கும் மூத்த வழக்கம். அதை நிறுத்த எந்தக் குதிரையாலும் முடியவில்லை.