ஓவர்சியர் கொடுத்த முட்டு

கரடிமலைக்கு முதல் வண்டிப்பாதை போட்ட ஓவர்சியர் கனகசபைக்கு, அதில் ஒரு கூழாங்கல் கிடந்தாலும் பொறுக்காது. ஏற்றத்தில் மாடு மூச்சு வாங்க நிற்கும்போது வண்டி பின்னால் உருளாமல் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுப்பது வண்டிக்காரர் வழக்கம். அந்தக் கல்லை வழியிலேயே விட்டுவிட்டுப் போவதும் வழக்கம். "இனி முட்டுக்கல் வைத்தால் வண்டி பறிமுதல்" என்று அடிவாரத்தில் எழுதி ஒட்டிவிட்டார்.

மறுநாள் பாதையைப் பார்வையிட ஓவர்சியர், வண்டிக்காரன் மாரண்ணனின் வண்டியில்தான் ஏறினார். மாரண்ணன் மாட்டுக் கயிற்றைப் பிடித்து முன்னே நடந்தான். அவன் மனைவி குப்பாயி எப்போதும்போல் வண்டிக்குப் பின்னால் வந்தாள், இன்றைக்கு முட்டுக்கல் இல்லாமல் வெறுங்கையோடு.

ஆறாவது வளைவில் மாடுகள் மூச்சு வாங்க நின்றன. வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. பின்னால் பள்ளம். ஓவர்சியர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார்.

"ஒரு கல்லை எடுத்து வையம்மா" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வச்சா வண்டியப் புடுங்கிக்குவீங்களே. உத்தரவை மாத்தி எழுதிக் குடுங்க, வைக்கிறேன்."

"ரெண்டு கையும் சக்கரத்துல இருக்கு. எப்படி எழுதறது?"

குப்பாயி ஓரத்துப் பாறையில் உட்கார்ந்தாள்.

"அவசரமில்லீங்க சாமி. மாடும் இன்னும் மூச்சு வாங்குது."