கொசு தேடி வந்த பானை

குருவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சீடர் சீனியப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நேரே சீனியப்பன் காலில் விழுந்துவிட்டு, பிறகு அசடு வழிவார்கள். மனைவி இறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர் அவர். வந்த நாளிலிருந்து கையில் துடைப்பம்தான். மடத்தில் ஒரு சருகு கிடந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் வளையல்காரர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். சீனியப்பனின் மகள் பவளத்துக்கு வளைகாப்பில் வளையல் அடுக்கிவிட்டு வருகிறவர்.

"தலைப்பிரசவத்துக்குப் பொறந்த வீட்டுக்குத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்குது உங்க மக. கூட்டிட்டுப் போக அப்பா வருவாங்களா மாட்டாங்களான்னு கேட்டு வரச் சொல்லுச்சு."

பதில் தெரியாமல் போவதில்லை என்று வளையல்காரர் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

சீனியப்பன் குருவைத் தேடிக் கிணற்றடிக்குப் போனார்.

"வரவேண்டாம்னு சொல்லிவிட்டுரட்டுமா சாமி?"

"ஏன்?"

"மாப்பிள்ளை வீடு பெரிய வீடு. பக்கத்துலயே மருத்துவச்சி. மாமியாரும் நல்ல மாதிரி. எங்க வீடு பூட்டிக் கிடக்கு. எலியும் கரப்பானும்தான் குடியிருக்கு. அவ அம்மாவும் இல்ல. அங்க என்ன இருக்குன்னு வரணும்ங்கிறா? புத்தி கெட்டவ."

குரு கல்தொட்டியைக் காட்டினார். காலையில்தான் சீனியப்பன் அதைத் தேய்த்துக் கழுவி நிரப்பியிருந்தார். அடி வரை தெரிந்தது. பிறகு வேலிக்குப் பின்னால் கிடந்த ஓர் உடைந்த பானையைக் காட்டினார். மழைத் தண்ணீரில் மாவிலை ஊறி, கறுத்து, நாறிக்கொண்டிருந்தது. உள்ளே கொசுப் புழுக்கள் நெளிந்தன.

இது எப்படித் தன் கண்ணில் படாமல் போனது என்று சீனியப்பனுக்கு எரிச்சலாக வந்தது.

"பொறுங்க" என்றார் குரு.

வயிறு கனத்த கொசு ஒன்று தாழப் பறந்து வந்தது. தொட்டியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. இறங்கவில்லை. நேரே வேலியைத் தாண்டிப் பானைக்குள் போய் உட்கார்ந்தது.

"கண்ணாடி மாதிரி தண்ணி வச்சிருக்கேன். அத விட்டுட்டு இந்த நாத்தத்துக்குப் போகுதே!"

"சூல் கொசு. நாத்தத்தைப் பிடிச்சுத்தான் வருது. இலை ஊறின வாடை அடிச்சா குஞ்சுக்குத் தீனி இருக்கும். முன்னாடி இதுல குஞ்சுக வளர்ந்த வாடையும் இருக்கு. உங்க தொட்டியில என்ன வாடை இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

குரு பானையைக் கவிழ்த்து வெறுந்தரையில் கொட்டினார். "நம்மளையும் தூங்க விடணும்ல" என்றார். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "உங்க வீட்டம்மா பவளத்தைப் பெத்தது எங்க?"

சீனியப்பன் கவிழ்ந்த பானையை எடுத்து வேலியோரம் ஒதுக்கி வைத்தார்.

"அவ அம்மா வீட்லதான். நான்தான் வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போனேன். இறங்கினவ உள்ள போகாம, வாசல்லயே கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கிட்டு நின்னா. எனக்கு எருமை மூத்திர வாடைதான் வந்துச்சு. என்னடின்னு கேட்டேன். 'உங்களுக்குத் தெரியாது'ன்னு சிரிச்சா."

சீனியப்பன் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வாசலைப் பார்த்து வேகமாக நாலு எட்டு வைத்தவர், திரும்பி வந்தார்.

"வளையல்காரரோடவே கிளம்புறேன் சாமி. முதல்ல போய் வீட்டைத் திறக்கணும். தரையைக் கழுவணும், ஒட்டடை அடிக்கணும், கொடியில கிடக்கிற அவ அம்மா சேலையெல்லாம் துவைச்சுப் போட்டுட்டு, அப்புறம் போய் அவளைக் கூட்டிட்டு வந்துருவேன்."

"தரையக் கழுவுங்க. ஒட்டடை அடிங்க" என்றார் குரு. "சேலையத் துவைச்சுராதீங்க."